1 என்றால் என்ன? எழுதி வைத்திருக்கிறீர்களா?

மாணவர்களே, எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தின் பின்பக்க அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. உள்ளே ஓர் அர்டுவினோ பலகை, ஒரு மிதவைச் சுவிட்ச், ஒரு பஸ்ஸர், கொஞ்சம் கம்பிகள். கால்வாயில் நீர்மட்டம் உயர்ந்தால் அலறும் எச்சரிக்கைக் கருவி அது. ஐந்தாம் படிவ மாணவர்கள் செய்தார்கள். எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். மறு ஆண்டு மூன்றாம் படிவ மாணவிகள் மூவர் அதை மாவட்ட அளவிலான புத்தாக்கப் போட்டிக்கு எடுத்துச் செல்ல ஆசைப்பட்டார்கள்.

நிரலைத் திறந்தபோது ஒரு வரி அவர்கள் கண்ணை உறுத்தியது. மிதவையிலிருந்து வரும் மதிப்பு 0 ஆக இருந்தால் பஸ்ஸரை ஒலிக்கச் செய் என்று அதில் இருந்தது. "டீச்சர், அக்காங்க தப்பா எழுதியிருக்காங்க. 0ன்னா ஒன்னுமில்லைதானே? 1ன்னாதானே தண்ணி வந்துருச்சுன்னு அர்த்தம்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் திருத்தவேண்டிய தாள்களுக்குள் மூழ்கியிருந்தேன். "சரி, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டேன். பேட்டரி தீர்ந்திருந்ததால் அன்று மாலை சோதித்துப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் நீதிபதிகள் முன்னால் கருவி உலர்ந்த மேசையில் நிற்காமல் அலறியது. தண்ணீருக்குள் வைத்ததும் அமைதியானது. அந்த மூன்று பிள்ளைகளின் முகம் போன விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அக்காமார்கள் எழுதியது சரி. 0 என்றால்தான் தண்ணீர். ஏன் அப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்த வரிக்கு மேலே "0 = மிதவை எழும்பிவிட்டது" என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்தான். பரிசு வாங்கிய கருவி, படம் எடுத்தாயிற்று, கோப்பில் வைத்தாயிற்று என்று இருந்துவிட்டேன்.

அந்த எழுதப்படாத ஒரு வரியைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப்போகிறேன். நிரல் எழுதுவது பெரிய வேலை, அதைப் பற்றி எழுதி வைப்பது எடுபிடி வேலை என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஆழமாக இருக்கிறது. அது தவறு என்பது என் கருத்து. அதைக் காட்டப் பள்ளிக்கூடப் பெட்டி போதாது. அதனால் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அங்கேயும் கேள்வி இதேதான்: 1 என்றால் என்ன?

முதலில் குறுக்கீடு என்றால் என்ன என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் இன்டரப்ட் என்பார்கள். செயலி ஏதோ ஒரு கணக்கைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டுகிறீர்கள். "யாராவது தட்டினார்களா, தட்டினார்களா" என்று செயலி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் வேறு வேலை நடக்காது. அதனால் விசைப்பலகையே ஒரு மின்குறியை அனுப்புகிறது. செயலி கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்தி, இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்ததைக் கவனித்துவிட்டு, மறுபடி விட்ட இடத்திற்கு வருகிறது.

மின்குறியை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. பள்ளி மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கும் அந்தக் கணம்தான் செய்தி. அந்த நேரம் நீங்கள் கழிவறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தால் செய்தி போய்விட்டது. இனி வகுப்பில் ஒருவர் கை தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தாலும் கை மேலேயே இருக்கும். நான் திரும்பி, பார்த்து, பதில் சொன்ன பிறகுதான் இறங்கும். மணி போன்றதை விளிம்புக் குறுக்கீடு என்று சொல்லலாம். 0 என்பது 1 ஆக மாறும் அந்த விளிம்பே செய்தி. கை தூக்குவது போன்றதை மட்டக் குறுக்கீடு என்று சொல்லலாம். கம்பி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதே செய்தி.

இந்த வேறுபாடு சின்னது போலத் தோன்றும். கையைத் தூக்கியவர் பதில் கிடைத்த பிறகும் இறக்காவிட்டால் என்ன ஆகும்? நான் திரும்பத் திரும்ப அவரிடமே போய், "என்ன வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். பாடம் நகராது. லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒரு குறுக்கீட்டுக் கம்பி 1,00,000 முறை கூப்பிட்டு, அதில் 99,900க்கும் மேற்பட்ட முறை எந்தச் சாதனமும் "நான்தான் கூப்பிட்டேன்" என்று ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தக் கம்பியையே மூடிவிடும். மூடும்போது திரையில் வரும் செய்தியைத் தமிழில் சொன்னால், "யாரும் கண்டுகொள்ளவில்லை." நிரலாளர்களுக்கும் நகைச்சுவை உண்டு, சோகமும் உண்டு.

இதுவரை சொன்னது உண்மையான கம்பிகள் உள்ள கணினி. இப்போது கம்பியே இல்லாத கணினிக்குப் போவோம்.

மெய்நிகர் கணினி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே வன்பொருளில் பல கணினிகள் ஓடுவதுபோல் செய்வது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு செயலி, நினைவகம், வலையட்டை இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். இந்த நாடகத்தை நடத்தும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். நீங்கள் கைப்பேசியில் திறக்கும் பல சேவைகள் ஏதோ ஒரு தரவு மையத்தில் இப்படிப்பட்ட மெய்நிகர் கணினிக்குள்தான் ஓடுகின்றன. அமேசான் 2024ஆம் ஆண்டு மலேசியாவில் தன் மேகச் சேவை வட்டாரத்தைத் தொடங்கியது. ஜொகூரில் தரவு மையங்கள் எழும்புவதைச் செய்திகளில் பார்க்கிறோம். அந்தக் கட்டடங்களுக்குள் நடக்கும் வேலையின் அடித்தளம் இதுதான். உங்கள் பள்ளியில் குரோம்புக் இருந்து, அதில் லினக்ஸ் பகுதியைத் திறந்தால், அதுவும் பல மாதிரிகளில் ஒரு மெய்நிகர் கணினிக்குள்தான் ஓடும்.

லினக்ஸோடு சேர்ந்தே வரும் ஹைப்பர்வைசரின் பெயர் கே.வி.எம். 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில் அது இடம்பெற்றது. இங்கே மூன்று பாத்திரங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, உள்ளே ஓடும் விருந்தாளி இயங்குதளம். இரண்டாவது, வலையட்டை, வட்டு, விசைப்பலகை போல வேடம் போடும் ஒரு நிரல். பெரும்பாலும் அது கியூஎமு. மூன்றாவது கே.வி.எம். விருந்தாளியை உண்மையான செயலியில் ஏற்றி ஓட்டுவதும், ஓட்டத்தை நிறுத்துவதும் அதன் வேலை.

இப்போது இணையத்திலிருந்து ஒரு தரவுப் பொட்டலம் வருகிறது. உண்மையான வலையட்டை அதை வாங்கிவிட்டது. வேடம் போடும் நிரலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "உன் வலையட்டை கூப்பிடுகிறது" என்று விருந்தாளிக்குச் சொல்லவேண்டும். ஆனால் விருந்தாளியின் வலையட்டையே பொய். அதிலிருந்து செயலிக்குப் போகும் கம்பியும் பொய். இல்லாத கம்பியில் மின்சாரத்தை எப்படி ஏற்றுவது?

வேடம் போடும் நிரல் கே.வி.எம்.மைக் கூப்பிட்டு இரண்டே இரண்டு எண்களைக் கொடுக்கிறது. ஒன்று, எந்தக் கம்பி. மற்றொன்று, 0 அல்லது 1. அவ்வளவுதான். கே.வி.எம். தனக்குள் வைத்திருக்கும் கற்பனைக் குறுக்கீட்டுச் சில்லில் அந்தக் கம்பியை உயர்த்துகிறது. அந்தச் சில்லின் விதிகள்படி விருந்தாளிக்கு எந்த எண்ணில் தகவல் சொல்லவேண்டும் என்று முடிவாகிறது. அடுத்த முறை விருந்தாளியைச் செயலியில் ஏற்றும்போது அந்தக் குறுக்கீட்டையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறது. விருந்தாளி "இப்போது யாரும் என்னைத் தொந்தரவு செய்யாதே" என்று கதவைச் சாத்தியிருந்தால்? திறக்கும்வரை காத்திருக்கும். இன்டெல் செயலிகளில் அந்தத் திறக்கும் தருணத்திற்கு வைத்திருக்கும் பெயரே குறுக்கீட்டுச் சாளரம்.

நான் இதையெல்லாம் எங்கிருந்து தெரிந்துகொண்டேன்? கே.வி.எம். நிரலைப் படித்து அல்ல. எனக்கு அந்தத் திறமை இல்லை, நான் டிப்ளோமா முடித்துப் படிவம் மூன்றுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. அதன் நிரலோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கும் ஓர் ஆவணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். எந்த அழைப்பு என்ன செய்யும், என்ன எண் கொடுக்கவேண்டும், தவறினால் என்ன பதில் வரும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். அலங்காரம் ஒன்றும் கிடையாது. சமையல் குறிப்பு படிப்பதுபோல இருக்கும்.

அதில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று. குறுக்கீடு அனுப்ப இரண்டு அழைப்புகள் இருக்கின்றன. இரண்டிலும் நிரப்பவேண்டிய கட்டத்தின் பெயர் ஒன்றுதான்: ஐ.ஆர்.கியூ. ஆனால் ஓர் அழைப்பில் அது சில்லின் கம்பி எண். மற்ற அழைப்பில் அது கம்பி எண்ணே இல்லை. செயலி தன் அட்டவணையில் தேடிப்பார்க்கும் வரிசை எண் அது, வெக்டர் என்பார்கள். ஒரே பெயர், இரண்டு பொருள்.

இரண்டும் வேறு என்பது விசைப்பலகையை வைத்துப் பார்த்தால் விளங்கும். பழைய ஐ.பி.எம். தனிநபர் கணினியில் விசைப்பலகை இணைந்திருந்தது 1ஆம் கம்பியில். ஆனால் செயலிக்கு அது போய்ச் சேர்ந்தது 9 என்ற வெக்டராக. நேரக் கடிகாரம் 0ஆம் கம்பி, ஆனால் 8ஆம் வெக்டர். வீட்டு எண் வேறு, அஞ்சல் குறியீடு வேறு என்பது போல. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதினால் கடிதம் எங்கேயோ போகும். கே.வி.எம். ஆவணத்தில் இரண்டாவது அழைப்பின் கீழே சின்னதாக ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள்: இங்கே ஐ.ஆர்.கியூ. என்பது வெக்டர், முனையோ கம்பியோ அன்று. ஒரே வாக்கியம். எத்தனை பேருடைய எத்தனை இரவுகளை அது மிச்சப்படுத்தியிருக்கும்!

ஆவணம் எழுதியும் படிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே எண்களிலேயே ஒரு கதை உண்டு. முதல் 32 வெக்டர்களைத் தன் எதிர்காலத் தேவைக்கு ஒதுக்கிவைத்திருப்பதாக இன்டெல் தன் 8086 கையேட்டில் எழுதியிருந்தது. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினி அதைப் பொருட்படுத்தாமல் 8 முதல் 15 வரையுள்ள வெக்டர்களைச் சாதனங்களுக்குக் கொடுத்தது. மறு ஆண்டு இன்டெல் 80286ஐ வெளியிட்டபோது, மிகக் கடுமையான ஒரு பிழையைத் தெரிவிக்க 8ஆம் வெக்டரைத் தானே எடுத்துக்கொண்டது. இப்போது 8 வந்தால் கடிகாரம் தட்டியதா, பெரிய விபத்தா? அதனால்தான் பின்னால் வந்த இயங்குதளங்கள் தொடங்கும்போது முதல் வேலையாகச் சாதனக் குறுக்கீடுகளை 32க்கு அப்பால் நகர்த்தி வைத்தன. பல ஆண்டுகளுக்கு, ஏராளமான நிரலாளர்கள் இந்த நகர்த்தலை எழுதியே ஆகவேண்டியிருந்தது.

சரி, நம் மிதவைக்கு வருவோம். 0 என்றால் தண்ணீர் என்று எப்படி வந்தது?

கம்பி ஒன்று ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டோடு இணைந்திருக்கிறது. யாரும் தொடாதபோது அது மேலே, அதாவது 1இல் நிற்கும். சுவிட்ச் மூடினால் கம்பி தரையோடு, அதாவது 0 வோல்ட்டோடு இணைகிறது. உடனே 0. அர்டுவினோ பலகைக்குள்ளேயே இப்படி ஒரு மின்தடை உண்டு. அதைப் பயன்படுத்தினால் வெளியே தனி மின்தடை வைக்கத் தேவையில்லை. எங்கள் ஐந்தாம் படிவ மாணவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரே கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளலாம். யாராவது ஒருவர் கீழே இழுத்தால் போதும், கம்பி இறங்கிவிடும். ஒருவர் மேலே தள்ள, மற்றவர் கீழே இழுக்க, நடுவில் குறுக்குமின்சுற்று ஆகும் ஆபத்து இல்லை. கணினிகளில் நெடுங்காலம் இருந்த பி.சி.ஐ. இணைப்பின் குறுக்கீட்டுக் கம்பிகளும் இதே காரணத்தால் கீழே இறங்கும்போதுதான் "கூப்பிடுகிறேன்" என்று பொருள்படும். இதைத் தாழ்நிலைச் செயற்பாடு என்று சொல்வோம். மேலே ஏறும்போது கூப்பிடுவதாகப் பொருள்கொண்டால் அது உயர்நிலைச் செயற்பாடு.

ஆக, வன்பொருளில் இரண்டுமே முறையானவை. அப்படியானால் கே.வி.எம்.முக்குக் கொடுக்கும் அந்த 0, 1 எதைக் குறிக்கிறது? கம்பியின் மின்னழுத்தத்தையா? அல்லது "கூப்பிடுகிறேன், கூப்பிடவில்லை" என்ற செய்தியையா?

எங்கள் மூன்றாம் படிவ மாணவி கேட்டது இதே கேள்விதான். உலகின் மிகத் திறமையான நிரலாளர்கள் சிலரும் இதே இடத்தில்தான் இடறியிருக்கிறார்கள்.

எக்ஸ்86 கணினிகளில், ஒரு கம்பி உயர்நிலையா தாழ்நிலையா என்பதை இயங்குதளமே சில்லுக்குச் சொல்லலாம். ஒரு காலத்தில் கே.வி.எம். அதை மதித்து நடந்தது. விருந்தாளி "தாழ்நிலை" என்று எழுதினால், வந்த மதிப்பைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். ஆனால் கியூஎமுவோ எப்போதும் "1 என்றால் கூப்பிடுகிறேன்" என்ற எண்ணத்திலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. காலப்போக்கில் கே.வி.எம்.முக்குள்ளேயும் அந்த எண்ணத்தை நம்பிப் பல சுருக்குவழிகள் புகுந்துவிட்டன. பெரும்பாலான விருந்தாளிகள் "உயர்நிலை" என்றே எழுதியதால் ஒருவருக்கும் பிரச்சினை தெரியவில்லை. மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.9உம் அதற்கு முந்தியவையும் மட்டும் கியூஎமு கொடுத்த அட்டவணையைப் பார்க்காமல் "தாழ்நிலை" என்று எழுதின. அங்கே எல்லாம் தலைகீழானது. கை தூக்கினால் இறக்கியதாகவும், இறக்கினால் தூக்கியதாகவும் தெரிந்தது. எங்கள் பஸ்ஸர் உலர்ந்த மேசையில் அலறியதே, அதே கதை.

2014ஆம் ஆண்டு இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். விருந்தாளி உயர்நிலை, தாழ்நிலை என்று எதை எழுதினாலும் கே.வி.எம். அதைக் கண்டுகொள்ளாது. 1 என்றால் எப்போதும் "கூப்பிடுகிறேன்". 0 என்றால் எப்போதும் "கூப்பிடவில்லை". மின்னழுத்தம் என்ற பேச்சே இல்லை. அதை ஆவணத்திலும் எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை. முன்பு வேறு மாதிரி இருந்தது என்பதையும், தாழ்நிலையைக் கையாளும் பகுதி பராமரிப்பில்லாமல் கெட்டுப்போனதால்தான் இப்படி மாற்றினோம் என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டு எழுதினார்கள். பழைய பதிப்பா புதிய பதிப்பா என்று மற்ற நிரல்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் அடையாளத்தையும் சேர்த்தார்கள்.

இந்த ஒப்புதல் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏன் தெரியுமா? உங்கள் ஆய்வறிக்கைகளை நான் திருத்துகிறேன். எதிர்பார்த்த விடை வராத அளவீடுகள் மீது வெள்ளைத் திரவம் பூசியிருப்பதைப் பார்க்கிறேன். பக்கத்து மேசைக் குழுவின் எண்ணை எடுத்து மேலே எழுதியிருப்பதையும் பார்க்கிறேன். யாரும் உங்களைக் குறை சொல்லக்கூடாது என்றுதான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் "எங்கள் மின்தடை சூடாகிவிட்டது, அதனால் மூன்றாவது அளவீடு விலகியது" என்று எழுதியிருந்தால் நான் அதற்குத்தான் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

இயற்பியலில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போகிறது என்று அம்புக்குறி போடுகிறோம். எலக்ட்ரான்கள் போவதோ எதிர்த்திசையில். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் எது நேர், எது எதிர் என்று பெயர் வைத்தபோது எலக்ட்ரானைப் பற்றி யாருக்கும் தெரியாது. 1897இல்தான் ஜே.ஜே. தாம்சன் அதைக் கண்டுபிடித்தார். இருந்தும் பழைய அம்புக்குறியை வைத்தே இன்றுவரை எல்லா மின்சுற்றுகளையும் சரியாகக் கணக்கிடுகிறோம். காரணம், எந்தத் திசையை நேர் என்று சொல்கிறோம் என்பது எல்லாப் பாடநூல்களிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே உங்களில் சிலர் மறுப்புச் சொல்லலாம். கணினிக் கழகத்தில் ஒரு மாணவன் என்னிடம் சொன்னான்: "டீச்சர், கோட் இருக்கே, அதைப் படிச்சாலே தெரிஞ்சிடுமே. எதுக்குத் தனியா எழுதணும்?" கெட்டிக்காரப் பையன், ஆனால் இதில் அவனோடு எனக்கு உடன்பாடில்லை. நிரல் இப்போது என்ன செய்கிறது என்பதைத்தான் நிரல் சொல்லும். என்ன செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதைச் சொல்லாது. 2014க்கு முன் கே.வி.எம். நிரலைப் படித்த ஒருவருக்கு, மதிப்பைத் திருப்பிப்போடும் வரி கண்ணில் பட்டிருக்கும். அதை நம்பி அவர் ஒரு நிரல் எழுதியிருக்கலாம். அந்த வரி பிழையா, வேண்டுமென்றே வைத்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் பெட்டியிலும் அந்த 0 தெளிவாகவே இருந்தது. அது பிழை போலத் தெரிந்ததுதான் சிக்கல்.

வாக்கு என்று சொன்னேன். கே.வி.எம்.மை நம்பியிருப்பது கியூஎமு மட்டும் இல்லை. அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், கூகுளின் குரோம் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட கிராஸ்விஎம் என்று வேறு நிரல்களும் அதே அழைப்புகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றை எழுதியவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். போட்டி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு நடுவே பொதுவாக இருப்பது அந்த ஆவணம்.

குறுக்கீடுகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவைப் பற்றி நான்காம் படிவக் கணினி அறிவியல் எடுத்தவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம், குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் வழிமுறையைத் தந்தவர். அவர் எக்ஸ்1 என்ற கணினிக்காகக் குறுக்கீடுகளைக் கையாளும் நிரலை எழுதினார். 1959ஆம் ஆண்டின் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு அந்த வேலையிலிருந்து வந்தது. குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே அவருடைய பெரிய கவலை. ஒரு முறை தோன்றிய பிழையை மறுபடி வரவழைத்துப் பார்க்க முடியாமல் போகலாம். அறிவியலில் நாம் எதைக் கேட்கிறோம்? பரிசோதனையைத் திரும்பச் செய்து காட்டு என்கிறோம். திரும்பச் செய்ய முடியாத இடத்தில் சோதித்துப் பார்த்துப் பொருளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி உட்கார முடியாது. முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவேண்டும். கே.வி.எம். ஆவணம் விளிம்புக் குறுக்கீட்டுக்கு 1 கொடுத்த பிறகு மறுபடி 0 கொடுக்கவேண்டும் என்று சொல்கிறது. 0 கொடுக்க மறந்தால் முதல் குறுக்கீடு ஒழுங்காகப் போகும். இரண்டாவது போகாது, ஏனென்றால் கம்பி ஏற்கெனவே மேலே இருக்கிறது, ஏறுவதற்கு விளிம்பு இல்லை. முதல் சோதனையில் வெற்றி, பிறகு எங்கேயோ நின்றுபோகும். அந்த வாக்கியத்தைப் படிக்காதவர் இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு அலைவார் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் போட்டிகளில் என்ன நடக்கிறது? கருவி ஓடினால் மதிப்பெண். சுவரொட்டி அழகாக இருந்தால் மதிப்பெண். ஆங்கிலத்தில் சரளமாக விளக்கினால் மதிப்பெண். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகள் இதை எடுத்து ஓட்டமுடியுமா என்று கேட்கும் நீதிபதியை நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்டால் நன்றாக இருக்கும். இன்னும் ஒருபடி மேலே போய், செய்தவர்களை வெளியே உட்காரவைத்து, அவர்கள் எழுதிய இரண்டு பக்கத்தை மட்டும் வேறு பள்ளி மாணவர்களிடம் கொடுத்துக் கருவியை ஓட்டச் சொல்லலாம். எந்தக் குழு எழுதியது பயன்பட்டதோ அதற்குப் பரிசு. ஆசிரியர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நேரம் ஏது என்றார்கள். நேரம் இல்லைதான். எங்களுக்கு ஒரு போட்டி போனதே, அதில் வீணான நேரத்தை யார் கணக்கெடுத்தார்கள்?

எங்கள் கழகத்தில் மட்டுமாவது இந்த ஆண்டு ஒரு விதி வைத்திருக்கிறேன். எந்தக் கருவியையும் அலமாரியில் வைக்கும் முன், ஒவ்வொரு கம்பியிலும் 0 வந்தால் என்ன பொருள், 1 வந்தால் என்ன பொருள் என்று எழுதிப் பெட்டிக்குள் போடவேண்டும். கம்பி எதில் இணைந்திருக்கிறது, ஏதாவது வேலை செய்யாமல் போய் மாற்றியிருந்தால் எதை, எதற்காக மாற்றினார்கள் என்பதும் அதில் இருக்கவேண்டும். தமிழில், மலாயில், ஆங்கிலத்தில், எந்த மொழியிலும் எழுதலாம். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டேன்.

முதலில் எழுதியவர்கள் அந்த மூன்று மாணவிகளே. மிதவைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். "0 = தண்ணீர் வந்துவிட்டது. 1 = காய்ந்திருக்கிறது. இது தப்பு இல்லை, மாத்தாதீங்க" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று: "நாங்க ஒரு தடவை மாத்தினோம். போட்டி அன்னிக்கு."